முழங்கை வலியின் பெயரும் சிவாஜிநகரின் கைகளும்

முழங்கையின் வெளிப்புறத்தில் தோன்றும் ஒரு வலிக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் ஒரு விளையாட்டின் பெயர். மருத்துவச் சீட்டில் ‘டென்னிஸ் எல்போ’ என்று எழுதப்படும் அந்நோயால் வருந்துவோரில் மிகப் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதே இல்லை. தையற்காரர், இறைச்சி வெட்டுவோர், தச்சர், வண்டி பழுது பார்ப்போர், சமையல் தொழிலாளர், துணி துவைப்போர் எனக் கையை இறுக்கிப் பிடித்து ஒரே அசைவை நாளெல்லாம் திரும்பத் திரும்பச் செய்பவர்களே அவர்களில் பெரும் பகுதியினர். ஒரு நோய்க்கு யாருடைய பெயர் வாய்க்கிறது என்பதைச் சொல் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. காரணத்தை எங்கே தேடுவது, எத்தகைய மருத்துவத்தைப் பரிந்துரைப்பது, நோயுற்றவரின் ஓய்வுக்கு யார் விலை கொடுப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் பெயர் முன்கூட்டியே ஒரு விடையை வைத்துக்கொண்டிருக்கிறது. பெங்களூரின் சிவாஜிநகர் இவ்வரலாற்றைப் படிப்பதற்கு ஏற்ற இடம். பெயர் மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்ற வழக்கு அந்த ஊரின் பெயரிலேயே இருக்கிறது.

சிவாஜிநகர் என்ற பெயர் பிற்காலத்தது. பழைய பெயர் பிளாக்பள்ளி. அப்பெயருக்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. 1809-இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்குப் பாளையத்தை மாற்றியபோது, அதன் அமைப்பைத் திட்டமிட்ட சென்னைப் படையின் பொறியாளர் ஜான் பிளாக்கிஸ்டனின் பெயரால் அது அமைந்தது என்பது ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய உழவர்கள் அங்கு வெள்ளையரிசி விளைவித்தனர், அதனால் ‘பிளி அக்கி பள்ளி’ என்ற கன்னடப் பெயர் திரிந்து பிளாக்பள்ளி ஆயிற்று என்பது மற்றொன்று. ஒரு விளக்கத்தில் ஊர் ஓர் அதிகாரியின் உடைமை. மற்றொன்றில் அது உழைத்தவர்களின் விளைச்சல். எது சரியானது என்று தீர்ப்பதைவிட, இரண்டும் இன்றுவரை அருகருகே சொல்லப்பட்டு வருவதே கருதத்தக்கது.

‘தண்டு’ என்று உள்ளூர் மக்கள் அழைத்த அப்பாளையத்தைச் சுற்றிப் படைக்குத் தேவையான அத்தனை தொழில்களும் வந்து சேர்ந்தன. சிப்பாய்களோடு சமையற்காரரும், சலவைத் தொழிலாளரும், தையற்காரரும், குதிரை பராமரிப்போரும், கொத்தனாரும், வணிகரும் ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து பெருந்தொகையாக வந்தனர். தமிழும் தக்கனி உருதுவும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் நிலை அன்று தொடங்கியது. 1881-இல் மைசூர் அரசு மீண்டும் உடையார்களிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் பாளையப் பகுதி மட்டும் ஆங்கிலேயரின் நேரடி நிர்வாகத்திலேயே இருந்தது. 1949-இல்தான் பாளையமும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியின் கீழ் இணைந்தன. அதற்குள் அங்கே 1882-இல் எழுந்த புனித மரியாள் ஆலயமும், 1927-இல் கட்டப்பட்டு 1933-இல் முறைப்படி திறக்கப்பட்ட ரசல் மார்க்கெட்டும் ஊரின் அடையாளங்கள் ஆகிவிட்டன. 1862 முதல் 1870 வரை மைசூரின் தலைமை ஆணையராக இருந்த லூயின் பெந்தம் பௌரிங்கின் பெயரால், பாரிஸ் நகரின் லாரிபோஸியேர் மருத்துவமனையை மாதிரியாகக் கொண்டு 1860களில் எழுந்த பொது மருத்துவமனை, இன்று பௌரிங் – லேடி கர்சன் மருத்துவமனையாகச் சந்தைக்கு நடை தொலைவில் நிற்கிறது.

ரசல் மார்க்கெட்டின் பூக்கடைகளில் மல்லிகைச் சரத்தை அளப்பதற்கு அளவுகோல் இல்லை. விற்பவரின் முழங்கை முதல் விரல் நுனிவரை ஒரு முழம். முழம், முழங்கை, முழங்கால் ஆகிய மூன்று சொற்களிலும் உள்ள அடிச்சொல்லுக்கு மூட்டு, கணு என்பது பொருள். பழந்தமிழில் எலும்பு மூட்டுக்கு ‘முழி’ என்ற சொல்லும் உண்டு. கன்னடத்தில் அளவு மொள, உறுப்பு மொணகை. ஆங்கிலத்தின் எல்போ என்ற சொல்லும் ‘எல்’ என்ற முன்கை அளவோடு வளைவைக் குறிக்கும் சொல் சேர்ந்து உருவானதே. இலத்தீனில் க்யூபிட்டம் என்பது முழங்கையையும் முழத்தையும் ஒருசேரக் குறித்தது. ஒன்றோடொன்று உறவில்லாத மொழிக் குடும்பங்களும் இந்த உறுப்பை அளக்கும் கருவியாக, அதாவது வேலை செய்யும் கருவியாகவே கண்டன. துணி அளப்பவரும் கயிறு திரிப்பவரும் சுவர் எழுப்புபவரும் வைத்த பெயர் அது. நோய்க்குப் பெயர் வைக்கும் நேரம் வந்தபோதுதான் அவர்கள் காணாமற் போயினர்.

தொழிலால் கை நோவதை மருத்துவம் நெடுங்காலமாக அறியும். இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமட்ஸினி தொழிலாளர் நோய்கள் பற்றிய தம் நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில், நாளெல்லாம் எழுதும் எழுத்தர்களின் கை தளர்வதையும் அதற்கு ஓயாத ஒரே அசைவு காரணமாவதையும் குறித்தார். 1873-இல் ஜெர்மானிய மருத்துவர் ருங்கே எழுதிய கட்டுரையே முழங்கையின் வெளிப்புற வலியைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவாகக் கொள்ளப்படுகிறது. அதன் தலைப்பு எழுதுவோருக்கு வரும் கைப்பிடிப்பைப் பற்றியது. எனவே மருத்துவ இலக்கியத்திற்குள் இந்நோய் நுழைந்தபோது அது ஒரு மேசைப் பணியாளரின் நோயாகவே நுழைந்தது.

அடுத்த பத்தாண்டுகளில் நிலை மாறியது. 1874-இல் வால்டர் விங்ஃபீல்டு என்ற ஆங்கிலேய அதிகாரி புல்வெளி டென்னிஸ் ஆட்டத்திற்கு உரிமம் பெற்றார். 1877-இல் விம்பிள்டன் போட்டி தொடங்கியது. வசதி படைத்த வீடுகளின் புல்வெளிகளில் அந்த ஆட்டம் மிக வேகமாகப் பரவியது. 1882-இல் ஹென்றி மாரிஸ் என்ற அறுவை மருத்துவர் ‘லான்செட்’ இதழில் டென்னிஸ் ஆடுவோரின் கை வலியைக் குறிப்பிட்டார். 1883-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் மேஜர் என்ற மருத்துவர் எழுதிய குறிப்பின் தலைப்பிலேயே ‘லான் டென்னிஸ் எல்போ’ என்ற தொடர் இடம்பெற்றது. அந்தப் பெயரே நிலைத்தது. எழுத்தரின் வலி பத்தே ஆண்டுகளில் ஆட்டக்காரரின் வலி ஆகிவிட்டது. மருத்துவருக்குக் கட்டணம் செலுத்தி, வலியை விரிவாக விவரித்து, இதழ்களையும் படிக்கும் வகுப்பின் அனுபவம் நோயின் பொதுப் பெயராயிற்று. வீட்டுப் பணிப்பெண்களுக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் அதே வலி அதே காலத்தில் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கு அது நோயாக எண்ணப்படவில்லை. வேலையின் இயல்பாக எண்ணப்பட்டது.

பெங்களூர்ப் பாளையத்திலும் யாருடைய கை ஏட்டில் ஏறியது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1896-இல் நான்காம் ஹுஸ்ஸார் படைப்பிரிவோடு இந்தியா வந்த இளம் அதிகாரி வின்ஸ்டன் சர்ச்சில், பம்பாய்த் துறையில் படகிலிருந்து இறங்கும்போது சுவரில் பதித்த வளையத்தைப் பற்றித் தம் வலத் தோளைப் பிசகச் செய்துகொண்டார். அதன்பின் பெங்களூரில் போலோ ஆடியபோதெல்லாம் மேற்கையை உடலோடு வாரால் கட்டிக்கொண்டே ஆடியதாகத் தம் தன்வரலாற்றில் எழுதினார். காயமுற்ற உறுப்பை முற்றிலும் முடக்காமல், அசைவின் எல்லையை மட்டும் குறுக்கிச் செயலைத் தொடர்ந்த அந்த ஏற்பாடு மறுவாழ்வு மருத்துவத்தின் நல்ல எடுத்துக்காட்டு. அதே பாளையத்தில் அவருடைய குதிரைக்குப் புல் அறுத்தவரின் கை எப்படி இருந்தது என்று எந்த ஏடும் சொல்லாது.

பெயரை ஒதுக்கிவிட்டு உடலைப் பார்த்தால் நோயின் காரணம் எளிதில் விளங்கும். மணிக்கட்டைப் பின்புறமாக நிமிர்த்தும் தசைகள் முன்கையின் மேற்புறமாக ஓடி, முழங்கையின் வெளிப்புறத்தில் துருத்தி நிற்கும் எலும்பு முனையில் ஒரு பொதுத் தசைநாணாக இணைகின்றன. விரல்களை மடக்கி ஒரு பொருளை இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டு உள்நோக்கி மடங்கிவிடாமல் நிறுத்திவைப்பவை இத்தசைகளே. ஆகவே பிடிப்பது விரல்களாக இருந்தாலும் அதன் சுமை முழங்கையில் போய்ச் சேருகிறது. தடித்த துணியைக் கத்தரிக்கும்போதும், மழுங்கிய கத்தியால் எலும்போடு கூடிய இறைச்சியை வெட்டும்போதும், துருவேறிய திருகாணியைக் கழற்றும்போதும், ஈரத்துணியைப் பிழியும்போதும், பரோட்டா மாவை வீசி அடிக்கும்போதும் அந்த நாண் இழுபடுகிறது. நாற்பது முதல் அறுபது வயதுவரை இந்நோய் மிகுதி. வயது வந்தோரில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவருக்கு இது காணப்படுகிறது என்பது பொதுவான மதிப்பீடு. கமர்ஷியல் தெருவை ஒட்டிய தையற்கூடங்களும், பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிப் பாகங்களை விற்கும் குஜரிக் கடைகளும், இறைச்சிக் கடைகளும், உணவகங்களும் நிறைந்த சிவாஜிநகரில் இந்தச் சுமைக்குக் குறைவில்லை.

அந்த வலியைச் சுமப்பவர் முதலில் நாடுவது மருத்துவமனையை அன்று. தமிழில் ‘சுளுக்கு’, ‘பிடிப்பு’, ‘வாயு’ என்ற மூன்று சொற்கள் அதற்கு ஆயத்தமாக இருக்கின்றன. சுளுக்கு என்றால் அதை ‘எடுக்க’ வேண்டும். பிடிப்பு என்றால் அதை ‘விடுவிக்க’ வேண்டும். வாயு என்றால் அதைத் தைலமிட்டுக் ‘கலைக்க’ வேண்டும். சித்த மருத்துவத்தின் தொக்கணமும், யுனானி மருத்துவத்தில் ‘தல்க்’ எனப்படும் உருவுதலும் நெடிய மரபுடையவை. தசை இறுக்கத்திற்கு அவை தரும் இதத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் முழங்கை ஏனைய மூட்டுகளைப் போன்றதன்று. விழுந்து அடிபட்ட முழங்கையை அழுத்தித் தேய்த்தால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு நிரந்தரமாக இறுகிப்போகும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் அடிபட்ட முழங்கையை உருவக் கூடாது என்பதை எலும்பியல் மாணவர்களுக்கு முதற்பாடமாகச் சொல்கின்றனர்.

எலும்பு முறிவுக்குத் தென்னிந்திய நகரங்கள் எங்கும் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகை தொங்குகிறது. ஆந்திரத்தின் புத்தூரை அடுத்த சிற்றூரில் ஒரு குடும்பம் தலைமுறைகளாகச் செய்துவந்த வைத்தியம் அது. இன்று அப்பெயரை யாரும் எடுத்துக்கொள்கின்றனர். கட்டணம் குறைவு, காத்திருப்பு இல்லை, அறுவைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதால் கூலித் தொழிலாளர் அதை நாடுவது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் குழந்தைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே ஏற்படும் முறிவில், யார் போட்டதாயினும், இறுக்கமான கட்டு குருதியோட்டத்தைத் தடுத்தால் சில மணி நேரத்தில் முன்கைத் தசைகள் அழியத் தொடங்கும். 1881-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்டு வோல்க்மன் விவரித்த அந்த நிலையில் கை நகம் போல் வளைந்து நிலைத்துவிடுகிறது. கட்டுக்குக் கீழே விரல்கள் வெளிறுவதும், மரத்துப்போவதும், விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி தோன்றுவதும் காலங்கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டியதன் அறிகுறிகள்.

நவீன மருத்துவத்தின் பாதையும் நேரானதாக இல்லை. 1928-இல் மில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முழங்கையைச் சட்டென்று நீட்டித் திருப்பும் கையாள்முறையை வெளியிட்டார். 1936-இல் ஜேம்ஸ் சிரியாக்ஸ் அதுவரை முன்வைக்கப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட காரண விளக்கங்களைத் தொகுத்து, தசைநாணின் குறுக்கே விரலால் ஆழமாகத் தேய்க்கும் முறையைப் பரவலாக்கினார். ஒரே வலிக்கு இருபது விளக்கங்கள் இருந்தன என்பதே காரணம் தெரியவில்லை என்பதற்குச் சான்று. 1950களில் கார்ட்டிசோன் வகை ஊசி வந்ததும் விவாதம் அடங்கியது போலத் தோன்றியது. முழங்கையில் ஓர் ஊசி போட்டால் சில நாட்களில் வலி மறைந்தது. ‘எபிகாண்டிலைட்டிஸ்’ என்ற நூற்பெயரும் அதற்கு இசைந்தது. ‘ஐட்டிஸ்’ என்ற ஈறு அழற்சியைக் குறிப்பது. அழற்சி என்றால் அழற்சியைத் தணிக்கும் ஊசிதானே மருந்து?

1979-இல் ராபர்ட் நிர்ஷலும் பெட்ரோனும் அறுவையில் எடுத்த தசைநாண் துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை அந்தப் பெயரின் அடித்தளத்தை அசைத்தது. அழற்சியின் உயிரணுக்கள் அங்கே இல்லை. ஒழுங்கு குலைந்த நார்களும், முதிராத நார்த்திசுவும், புதிய நுண்குழாய்களுமே இருந்தன. திரும்பத் திரும்ப இழுபட்டுச் சிதைந்து, முழுமையாக ஆறும் முன்பே மீண்டும் இழுபட்ட ஒரு நாணின் தோற்றம் அது. நோயின் பெயரில் இருந்த இரண்டாவது பிழை இது. முதற்பிழை நோயாளி யார் என்பதை மறைத்தது. இரண்டாவது, அவருடைய உடலில் நடப்பது என்ன என்பதை மறைத்தது.

அப்பிழையின் விலை பின்னர் எண்களில் வெளிப்பட்டது. 2002-இல் நெதர்லாந்தில் 185 நோயாளிகளிடம் ஸ்மிட் குழுவினர் நடத்திய ஆய்வு ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஆறு வார முடிவில் ஊசி போட்டவர்களில் 92 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். இயன்முறை மருத்துவம் பெற்றோரில் அது 47 விழுக்காடு. பொறுத்திருந்து பார்க்கச் சொல்லப்பட்டோரில் 32 விழுக்காடு. ஓராண்டு கழிந்தபோது வரிசை தலைகீழானது. இயன்முறை மருத்துவம் பெற்றோரில் 91 விழுக்காட்டினரும், பொறுத்திருந்தோரில் 83 விழுக்காட்டினரும் தேறினர். ஊசி போட்டோரில் 69 விழுக்காட்டினரே தேறியிருந்தனர். 2006-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பிஸ்ஸெட் குழுவினர் 198 பேரிடம் நடத்திய ஆய்வும் இதே போக்கைக் காட்டியது. ஊசியால் தேறியவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது. நீண்ட காலப்போக்கில் பொறுத்திருத்தலுக்கும் இயன்முறை மருத்துவத்திற்கும் இடையிலான வேறுபாடு சிறியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் வலியைக் குறைத்துக் கையைப் பயன்பாட்டில் வைத்திருப்பதே இயன்முறை மருத்துவத்தின் பெரும் பயன். அன்றாடக் கூலிக்கு உழைப்பவருக்கு அந்த இடைப்பட்ட மாதங்கள்தாம் வாழ்க்கை.

அம்மருத்துவத்திற்கும் ஒரு பெயர் வரலாறு உண்டு. 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர் பயிற்சி பெற்ற உருவுநர்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அதுவே பிற்காலத்தில் பிரிட்டனின் இயன்முறை மருத்துவர் கழகமாக வளர்ந்தது. இந்தியாவில் 1952-இல் பம்பாயில் பரவிய இளம்பிள்ளை வாதம் அதன் தேவையை உணர்த்தியது. 1953-இல் உலக நல நிறுவனத்தின் துணையோடு கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் இயன்முறை மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகளே அதன் முதற்கவலை. தமிழில் ‘முடநீக்கியல்’ என்ற சொல் நிலைபெற்றதற்கும் இந்தப் பின்னணியே பொருந்துகிறது. முடத்தை நீக்கும் இயல் என்ற அப்பெயர், முடம் அல்லாதவர் அங்கே செல்வதற்கில்லை என்ற எண்ணத்தையும் உடன் விதைத்தது. முழங்கை நோகும் தையற்காரர் தம்மை முடமானவராகக் கருதுவதில்லை. கருதினால் வேலை போய்விடும் என்ற அச்சமும் அவருக்கு உண்டு. அண்மைக் காலத்தில் பரவிவரும் ‘இயன்முறை மருத்துவம்’ என்ற சொல், குறையைச் சுட்டாமல் இயக்கத்தைச் சுட்டுவதால், அந்தத் தடையைத் தளர்த்தக்கூடியது.

மறுவாழ்வு என்பது உறுப்பைச் சரிசெய்வதோடு முடியாது என்பதை இந்தியாவுக்குக் கற்பித்த இடம் வேலூர். 1946-இல் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கிய கைகளில் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிரச் செய்தார். இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுக்க வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது. அறுவையின் வெற்றி அந்தப் பயிற்சியில்தான் இருந்தது. ஆனால் நிமிர்ந்த விரல்களோடு ஊர் திரும்பியவர்களுக்குப் பிழைக்க வழி கிடைக்கவில்லை. எனவே 1951-இல் ‘நவஜீவ நிலையம்’ தொடங்கித் தச்சு வேலை கற்பிக்க வேண்டியதாயிற்று. புண்படாமல் கருவியைப் பிடிக்கும் முறையும் அங்கே பாடமாயிற்று. 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு நடக்க முடியாமற்போன மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைகள் செய்து, பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைக் கட்டியெழுப்பினார். 1966-இல் அதற்கெனத் தனி நிலையமும் திறக்கப்பட்டது. கை, கருவி, பிழைப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பது வேலூரின் பாடம்.

முழங்கை வலிக்கு அப்பாடத்தைப் பொருத்திப் பார்த்தால் மருத்துவம் இவ்வாறு அமைகிறது. சிதைந்த தசைநாண் முழு ஓய்வில் வலுப்பெறுவதில்லை. தாங்கக்கூடிய சுமையைப் படிப்படியாகக் கூட்டும்போதே அதன் நார்கள் ஒழுங்குபடுகின்றன. முன்கையை மேசைமேல் கிடத்தி, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டை மேசை விளிம்புக்கு வெளியே வைத்து, முதலில் அசைவின்றி மறு கையின் தடுப்பை எதிர்த்து அழுத்துவது தொடக்கம். அடுத்து ஒரு சிறு எடையைப் பிடித்து மணிக்கட்டை உயர்த்தி மிக மெதுவாகக் கீழிறக்குவது. அரைக் கிலோ எடையே தொடக்கத்திற்குப் போதும். நீர் நிரப்பிய அரை லிட்டர்ப் புட்டியும் அதற்கு உதவும். பயிற்சியின்போது சிறிதளவு வலி இருப்பது இயல்பு. மறுநாள் காலையில் வலி முன்னைவிட மிகுந்திருந்தால் சுமை அதிகம் என்று பொருள். தோள், தோள்பட்டைத் தசைகளையும் சேர்த்து வலுப்படுத்த வேண்டும். முழங்கைக்குச் சற்றுக் கீழே கட்டும் பட்டை வேலை நேரத்தில் சிலருக்கு வலியைக் குறைக்கும். இவ்வளவும் ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டும். விரல்கள் மரத்துப்போதல், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலி, வீக்கத்தோடு காய்ச்சல், முழங்கையை நீட்டவே முடியாத நிலை ஆகியவை இருந்தால் நோய் வேறாக இருக்கக்கூடும். அவற்றை மருத்துவரே ஆராய வேண்டும்.

இதன் மறுபாதி கருவியில் இருக்கிறது. சாணை பிடித்த கத்தியும் கத்தரிக்கோலும் கைப்பிடியின் இறுக்கத்தைக் குறைக்கின்றன. திருப்புளியின் மெல்லிய பிடியைத் துணி சுற்றித் தடிப்பாக்கினால் குறைந்த விசையில் அதே வேலை நடக்கும். சுமையை உள்ளங்கை மேல்நோக்கத் தூக்கினால் நோகும் தசைகளின் பங்கு குறையும். ஒரே அசைவை இடைவிடாமல் செய்வதற்கு மாறாக வேலைகளை மாற்றிமாற்றிச் செய்தாலும் நாணுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆனால் கத்திக்குச் சாணை பிடிப்பது எப்போது, இரண்டு வேலைகளை மாற்றிக்கொள்ளலாமா என்பவற்றைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் தொழிலாளர் அல்லர், முதலாளி. மருத்துவ அறிவுரை அங்கே தொழில் உறவின் சிக்கலாக மாறுகிறது. ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தையற்காரரிடம் ‘கைக்கு ஓய்வு கொடுங்கள்’ என்று சொல்வது பட்டினி கிடக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். விழாக்காலத் துணிகள் குவிந்து கிடக்கும்போது, ஆறு வாரம் வலியை மறைக்கும் ஊசியை அவர் ஏன் தேர்ந்தெடுக்கிறார் என்பதை விளக்க அறியாமை என்ற காரணம் தேவையில்லை.

ஓய்வுக்கு விலை உண்டு என்பதை இந்தியா முழுவதும் கண்ட நிகழ்வு ஒன்று 2004-இல் நடந்தது. சச்சின் டெண்டுல்கரின் முழங்கை வலியால் ‘டென்னிஸ் எல்போ’ என்ற தொடர் தமிழ் நாளிதழ்களின் தலைப்புகளுக்கும் தேநீர்க் கடைப் பேச்சுக்கும் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் டெஸ்ட், சிவாஜிநகரிலிருந்து அதிகத் தொலைவில்லாத சின்னசாமி அரங்கில் நடந்தபோது அவர் ஆடவில்லை. சென்னையில் நடந்த அடுத்த ஆட்டத்திலும் ஆடவில்லை. 2005 மே மாதத்தில் லண்டனில் அறுவை நடந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நாகபுரியில் இலங்கைக்கு எதிராகத் திரும்பி வந்து 93 ஓட்டங்கள் எடுத்தார். நாட்டின் மிகச் சிறந்த மருத்துவக் கவனம் கிடைத்தவருக்கும் அந்த நாண் மாதக்கணக்கில் காலம் கேட்டது. அக்காலத்தை அவருக்குக் கொடுக்க வாரியமும் ரசிகர்களும் ஆயத்தமாக இருந்தனர்.

தையற்காரருக்கு அக்காலத்தைக் கொடுக்க வேண்டியது சட்டம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில், விசையோடு திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் முழங்கை எலும்பு முனையில் வரும் நோய் தனியே பெயர் குறிப்பிடப்பட்டுள்ளது. 1873-இல் எழுத்தரிடம் கண்டறியப்பட்ட நோய் 137 ஆண்டுகளுக்குப் பின் தொழிலாளரின் நோயாகப் பன்னாட்டு ஏட்டில் இடம்பெற்றது. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையோ ஈய நஞ்சு, சிலிக்கா தூசி நோய், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு முதலியவற்றைச் சொல்லி நின்றுவிட்டது. தசைநாண்களின் நோய் எதுவும் அதில் இருக்கவில்லை. சிவாஜிநகரின் சிறு கடைகளிலும் வீடுகளிலும் உழைப்போரில் பலர் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள்ளேயே வந்ததில்லை. அவர்களுக்கு இன்று உள்ள புகலிடம் பௌரிங் போன்ற அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுதான். அங்கும் மூன்று மாதப் பயிற்சிக்கு வாரந்தோறும் வந்துபோவது என்றால் ஒவ்வொரு வருகையும் அரை நாள் கூலி.

நோயைக் கேட்டறியும்போது ‘என்ன விளையாடுவீர்கள்’ என்பதற்கு மாறாக ‘என்ன வேலை செய்கிறீர்கள், எந்தக் கருவியால், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், கூலி எப்படி’ என்று கேட்பதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ரமட்ஸினி 1700-லேயே மருத்துவர்களிடம் வேண்டிக்கொண்டதும் அதுதான். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, அவர் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார் அவர். அக்கேள்விக்குக் கிடைக்கும் விடைகள் மருத்துவச் சீட்டில் பதிவாகத் தொடங்கினால், பூ அளக்கும் கையும் துணி வெட்டும் கையும் சுமந்துவரும் வலிக்கு ஏட்டில் ஒரு முகவரி கிடைக்கும். சட்டத்தின் அட்டவணையைத் திருத்தக் கோருவோருக்குக் காட்டுவதற்கு அந்தப் பதிவுகளே சான்றாக அமையும்.